எட்டு நிமிஷம்

"இதுக்கு டர்போ போடுறதுக்கு, அண்ணே, இதை வித்துட்டு ரெண்டு எருமை வாங்குங்க. பாலாவது மிஞ்சும்" என்று சொல்லிக்கொண்டே காருக்கு அடியிலிருந்து முதுகால் நகர்ந்து வெளியே வந்தார் ஜாபர் சாதிக்.

முனியசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது எரிச்சல்தான். இது மூன்றாவது தடவை. முதல் தடவை கேட்டபோது பாய் சிரித்தார். இரண்டாவது தடவை பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பினார். இன்றைக்கு எருமையில் வந்து நிற்கிறது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, சாத்தூருக்கு மேற்கேயிருந்து விருதுநகர் வரைக்கும் பெட்ரோலை எரித்துக்கொண்டு வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மிளகாய் வத்தல் குடோனில் மூட்டை பிரித்திருந்தார்கள் போல, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், தொண்டை கமறியது. சூடாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டான்.

கார் தொண்ணூற்றாறு மாடல் எஸ்டீம். ஒரு காலத்தில் வெள்ளை. சிவகாசியில் ஒரு அச்சாபீஸ்காரரிடமிருந்து வாங்கியது, இவன் மூன்றாவது கை. இன்ஜினைக் குறை சொல்ல முடியாது, பாய்தான் காது வைத்துக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். வாங்கிய பணம் வேலுத்தாயுடையது. அதாவது, பெண்டாட்டி செத்ததற்குப் பட்டாசுக் கம்பெனி கொடுத்த பணம். போன பங்குனியில் ஏழாம் நம்பர் ஷெட் வெடித்தபோது அவள் மேல் சுவர் சரிந்தது. தீக்காயம் பெரிதாக ஒன்றும் கிடையாது. இடுப்பு நசுங்கி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. சாத்தூரில் கட்டுப் போட்டு, நிற்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். லோடு வேனில் பட்டாசு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன் மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனான். திருமங்கலம் தாண்டும்போது இவன் மடியிலேயே அடங்கிவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். "ஒரு அரைமணி நேரம் முந்தி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, வாயில் வந்ததைச் சொன்னாரோ, அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த அரைமணி நேரம் இவன் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

மகள் பானுப்பிரியா இன்னமும் அதே கம்பெனியில்தான் வெடிச்சரம் பின்னுகிறாள். பத்தொன்பது வயசு. இவனும் அங்கேதான் வெடிமருந்து கலக்கிறான். பிறகு எங்கே போவது? மழையை நம்பி விதைத்தால் விதையும் போகிற கரிசல் காடு, ஊரில் உள்ளவன் பூராவும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும்தான் போகிறான். நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்கிற நினைப்பு வந்ததும் காரை வாங்கினான். காரை வாங்கிய பிறகு அந்த அரைமணி நேரம் தொந்தரவு பண்ண ஆரம்பித்தது. ரோட்டில் போனால் முதலாளியின் டீசல் வண்டி சர்ரென்று இவனைத் தாண்டிப் போகும். பின்னால் வெள்ளி நிறத்தில் டர்போ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். மகள்தான் படித்துச் சொன்னாள். அது என்ன, எங்கே விற்கும், நம்ம வண்டியில் ஏறுமா என்று கேட்டுக்கொண்டு அலைந்ததில் ஆடி முடியப் போகிறது. வேலுத்தாயின் பணத்தில் காருக்குப் போனது போக ஒன்றரை லட்சம் மகள் பேரில் பேங்கில் கிடக்கிறது. மகளுக்கென்று போட்டதை மகளுக்காக எடுத்தால் என்ன தப்பு? இப்படித்தான் அவனுடைய நியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், நீங்க கேலி பேசாதீக. முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

ஜாபர் சாதிக் கையைத் துடைத்துவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்தார். ஷட்டர் தகரத்தில் எழுதி எழுதிக் காட்டினார். இந்த மனிதரிடம் உள்ள கெட்ட பழக்கம், நையாண்டி பண்ணினாலும் கணக்குச் சொல்லும்போது பொய் சொல்லத் தெரியாது. புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு காத்தாடி சுற்றும், அது இன்னொரு காத்தாடியைச் சுற்றி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும், அவ்வளவுதான் டர்போ என்றார். காத்தாடி கோயம்புத்தூரில் பழசாகக் கிடைக்கும், பதினைந்தாயிரம். ஆனால் இது கார்புரேட்டர் வண்டி, அமுக்கின காற்றுக்குத் தக்கன பெட்ரோல் விட அதற்குத் தெரியாது, இன்ஜினோடு மாற்ற வேண்டும், அது ஒரு நாற்பத்தைந்து. புகைக்குழாயைப் புதுசாக வார்க்க வேண்டும். காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு ரேடியேட்டர். கிளட்ச் தாங்காது. பிரேக் போதாது, ஓடுகிற வண்டி நிற்கவும் வேண்டுமே. கூட்டினால் ஒன்று முப்பது. கார் விற்றால் எண்பது போகும்.

"அதோட முடியல. இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி. இழுக்கிறதும் அதுதான், திரும்புறதும் அதுதான். ரெண்டு வேலையையும் ஒருத்தன் தலையில கட்டியிருக்கு. அவன்கிட்டப் போயி இன்னும் இழு இன்னும் இழுன்னா, ஸ்டேரிங் கையை விட்டுப் பறிச்சுக்கிட்டு ஒரு பக்கமாப் போகும். ஆக்ஸில் முறியும். முறியிற எடம் வீட்டு வாசலா இருக்காது."

"மருந்தை இறுக்கி அடைச்சா சத்தம் கூடும் பாய். இருவது வருசமா அதுதான் என் சோறு. காத்தை இறுக்குனா வேகம் கூடும்னு எனக்குத் தெரியாதா?"

"சரி, நீங்களே சொல்லுங்க. அணுகுண்டு வெடிக்கு ஏன் அம்புட்டு சணல் சுத்துறீக?"

முனியசாமி தகரத்தில் இருந்த கணக்கைப் பார்த்தான்.

"சணல் சுத்தாத சரவெடிக் குழாயில அணுகுண்டு மருந்தை அடைப்பீகளா? அடைக்கிறவனை ஷெட்டுக்குள்ள விடுவீகளா?" ஜாபர் சாதிக் பானெட்டைத் தட்டினார். "இது சரவெடிக் குழாய். பத்து வருசம் ஓடி நைஞ்சது. இதுக்குள்ள போயி நீங்க அடைக்கப் போறீக."

வேறு எவன் எதைச் சொல்லியிருந்தாலும் முனியசாமி எதிர்த்துப் பேசியிருப்பான். இது அவன் தொழில். இளைத்த குழாயில் கூடுதலாக மருந்து அடைத்த ஒருத்தனுடைய விரல்களை இவனே பொறுக்கியிருக்கிறான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. தோற்றுப் போனால் வருகிற கோபத்துக்குத் தனி வீச்சு உண்டு.

"எனக்குத் தேவை வேகம். எத்தனை நிமிஷம் மிச்சமாகும்? அதைச் சொல்லுங்க."

பாய் மறுபடியும் தகரத்துக்குப் போனார். கம்பெனி வாசலிலிருந்து மதுரை எழுபத்தைந்து கிலோமீட்டர். நாலு வழிச்சாலை போடுகிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறான், பாதி தூரம் மண் ரோடு, கள்ளிக்குடி பக்கம் ஒரே வரிசையில் ஊர்ந்து போக வேண்டும். அங்கேயெல்லாம் டர்போவும் மாட்டுவண்டியும் ஒன்றுதான். காலை அமுக்குகிற மாதிரி ரோடு இருப்பது மிஞ்சிப் போனால் இருபத்தைந்து கிலோமீட்டர். அவர் கூட்டிக் கழித்து ஒரு எண்ணை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார். எட்டு.

"எட்டு நிமிஷம். நிமிஷத்துக்குப் பதினாறாயிரம் ரூவா."

"எட்டு நிமிஷத்துல உசுரு நிக்கும்னா எனக்கு அது போதும்."

"டாக்டர் கேட்டது அரைமணியில்லண்ணே? எட்டு போக மிச்சம் இருவத்திரெண்டு எங்கன இருக்கு?" பாய் கேலியை விட்டுவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "வெடிச்சது எத்தனை மணிக்கு?"

"பத்து நாப்பது."

"வேன் எத்தனை மணிக்குக் கெளம்புச்சு?"

முனியசாமி வத்தல் குடோன் பக்கம் பார்த்தான். ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அது முழுசாக நகர்ந்து நின்ற பிறகு சொன்னான். "பதினொன்னு இருவது."

"நாப்பது நிமிஷம் அங்கன என்ன செஞ்சீக?"

கையில் கிடைத்தது ஒரு ஸ்பேனர். அதை எடுத்து ஷட்டரில் எறிந்தான். வட்டம் போட்ட எட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பட்டு விழுந்தது. ஜாபர் சாதிக் அசையவில்லை. கேட்டதைத் திரும்பவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் முனியசாமி கிளம்பிப் போயிருப்பான். கேட்காததால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கம்பெனி பஸ்கள் காலை ஏழு மணிக்கு ஆட்களை இறக்கிவிட்டு வேறு டிரிப் அடிக்கப் போய்விடும். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொட்டல் காட்டில் இருநூறு பேருக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அன்றைக்கு ஒரே ஒரு வண்டி நின்றது. முதலாளியின் டர்போ வண்டிதான். முதலாளி சென்னைக்கு ரயிலில் போயிருந்தார், டிரைவர் லீவு, ஆபீஸ் முன்னால் வண்டி பளபளவென்று நின்றது. வேலுத்தாயைக் கொண்டுவந்து அதன் நிழலில் கிடத்தினார்கள். மேனேஜர் கதிரவன் முதலாளிக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. திரும்ப அடித்தான். "மொதலாளி வண்டி, கேக்காம எப்படி எடுக்க? சீட்டெல்லாம் புதுசு" என்றான். சாத்தூரிலிருந்து வேன் வரச் சொல்லிவிட்டு மறுபடியும் போன் அடித்தான். அந்த நாற்பது நிமிஷமும் முனியசாமி ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்றான். கைகட்டி நின்றான். சார், சார் என்று நாற்பது தடவை சொல்லியிருப்பான். மருந்துக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் லோடு வேன் ஓட்டினவன் அவன். மேஜைக்குப் பின்னால் சுவரில், முதலாளியின் அப்பா படத்துக்குக் கீழே, ஆணியில் அந்த வண்டியின் சாவி தொங்கியது. கையை நீட்டினால் எட்டும். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எடுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. கை வரவில்லை.

சொல்லி முடித்ததும் பாய் எஸ்டீமின் சாவியை அவன் கையில் கொடுத்தார். "அந்த வண்டிக்கு டர்போ இருந்துச்சேண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பார்த்த வேலைக்குக் காசும் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது முனியசாமி காரை விரட்டினான். வேகமுள் நூறைத் தொட்டதும் கதவு நடுங்கியது, நூற்றிப் பத்தில் ஸ்டேரிங் லேசாக இடதுபக்கம் இழுத்தது. இழுக்கட்டும் என்று மிதித்தான். யார் மேல் கோபம் என்று அவனால் ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. கதிரவன் மேலா, போனை எடுக்காத முதலாளி மேலா, கேட்கக் கூடாததைக் கேட்ட பாய் மேலா? எல்லாரையும் வரிசையாக வைது முடித்தாலும் கடைசியில் ஆபீஸ் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்ற ஒருத்தன் பாக்கி இருந்தான். அவனை வைவதற்குக் காரின் சத்தம் பத்தவில்லை. சாத்தூருக்கு முன்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தை சொன்ன பிறகுதான் காலை எடுத்தான்.

பானுப்பிரியா வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டியிருந்த வெள்ளி மருந்தை வாசலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாயைப் போல அவளும் சத்தம் போடத் தெரியாதவள். "டர்போ போட்டாச்சா?" என்றாள். கேட்ட விதத்திலேயே குத்தல் இருந்தது.

"எட்டு நிமிஷம்தான் மிச்சமாகுமாம்."

"மருந்து கலக்கிறது நீ. வெடிச்சா மொதல்ல போறது நீதான். அப்ப இந்த வண்டிய யாரு ஓட்ட? அதுக்கு என்ன போடச் சொன்னாரு உங்க பாய்?"

அவள் தண்ணீரை மொண்டு கையில் ஊற்றிக்கொண்டாள். வெள்ளி போகவில்லை.

"அன்னைக்கு ஆபீஸ் சன்னலுக்கு வெளிய நானும் நின்னேன்ப்பா. சாவி எங்கன தொங்குச்சுன்னு நானும் பாத்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. உனக்குத் தெரியும்."

ஐந்து மாசமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவள் இவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். முனியசாமிக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. யாரை என்று பார்த்தால் அவளை இல்லை. உள்ளே போய்க் கோரைப்பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே கண்மாய்க்குப் போனான். தண்ணீர் கண்ணில் பட்டு இரண்டு வருஷமான கண்மாய், தரை வெடித்துக் கிடந்தது. டிரைவர் சீட்டில் அவளை உட்கார வைத்தான். "மிதி" என்றான். அவள் மிதித்தாள், வண்டி குதித்து நின்றது. "தாயோளி வண்டி" என்றாள். மகள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை, ஆனால் கண்டிக்கவும் இல்லை. இரண்டாவது ஞாயிறு அவளோடு சரம் பின்னுகிற சொர்ணலட்சுமியும் வந்தாள். மூன்றாவது ஞாயிறு இன்னும் இரண்டு பேர். காரின் இழுப்பு இதற்குத் தாராளமாகப் போதும். ஐந்தாவது ஞாயிறு பானுப்பிரியா கண்மாய்க்கரையில் ஏற்றி, ரோட்டைப் பிடித்து, சாத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தான். பதினெட்டு நிமிஷம். லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டாயிற்று.

புரட்டாசியில், சீசன் கொதித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, முனியசாமி கம்பெனி பஸ்ஸில் வரவில்லை. காரில் வந்தான். கேட்டுக்கு வெளியே, தள்ளி நின்ற உடைமர நிழலில், முகம் ரோட்டைப் பார்க்கும்படி பின்னால் எடுத்து நிறுத்தினான். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. பின் சீட்டின் மேல் வேலுத்தாயின் பழைய சேலை இரண்டை மடித்து விரித்திருந்தான். கேட்டில் வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதால் வீட்டுச் சாவி, கொண்டை ஊசி, ஊக்கு எல்லாவற்றையும் அதில் உள்ள ஆணிகளில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கீழேயே செம்புத் தகடு. உடம்பில் உள்ள கரண்டு இறங்க அதை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்கு நடக்க வேண்டும். முனியசாமி முதல் ஆணியில் கார்ச் சாவியை மாட்டினான். சிவப்புத் துணி கட்டிய சாவி, தூரத்திலிருந்தே தெரியும்.

வாட்ச்மேன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கதிரவன் வந்துவிட்டான். வயதில் இவனுக்கு மகன் முறை, பேச்சில் மட்டும் முதலாளிக்கு அண்ணன்.

"முனியசாமி, இது என்ன கார் ஸ்டாண்டா? எவன்கிட்டக் கேட்டு நிறுத்துன?"

"வெளியதான் நிக்கி சார். ரோட்டோரம்."

"சாவி உள்ளதான தொங்குது. சாயங்காலம் வரைக்கும் அது யாரு பொறுப்பு? மொதலாளிக்கு போன் போட்டுக் கேக்கணும். அதுவரைக்கும் சாவி ஆபீஸ்ல இருக்கட்டும்."

முனியசாமி கை கட்டவில்லை. கட்டாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கப் போட்டிருந்தான்.

"நீங்க போன் போடுங்க. சாவி ஆபீஸ் ஆணிக்கு வராது."

"நாளையிலேருந்து வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"

"அதையும் கேட்டுச் சொல்லுங்க" என்றான் முனியசாமி. குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

அதற்குள் இரண்டாவது பஸ் வந்து ஆட்களை இறக்கியது. திரும்பக் கட்டிய ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் ஷெட்டுப் பெண்கள். பானுப்பிரியா முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றி, ஊக்கை எடுத்து ஆணியில் மாட்டி, உள்ளங்கையைச் செம்புத் தகட்டில் வைத்தாள். கையை எடுத்து, அதே கையால் கார்ச் சாவியை ஒரு தடவை தொட்டாள். அப்பனையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை, உள்ளே போனாள். பின்னால் வந்த சொர்ணலட்சுமி தகட்டைத் தொட்டாள், சாவியைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்குக் காரும் ஓட்டத் தெரியாது, விஷயமும் முழுசாகத் தெரியாது, முன்னால் போனவர்கள் செய்ததைப் பார்த்து அவளும் தொட்டாள். அப்புறம் அடுத்தவள். தகடு, சாவி. தகடு, சாவி. கதிரவன் சாவியை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு கை விலகினால் அடுத்த கை வந்தது, வரிசை பஸ் வரைக்கும் நீண்டிருந்தது. அவன் இடுப்பில் இருந்த செல்போன் அடித்தது. அதை எடுக்கவும் அவனுக்குக் கை ஓடவில்லை. சிவப்புத் துணி கட்டிய சாவி ஆணியில் ஆடிக்கொண்டே இருந்தது.